7 வருட வாரண்டி: கார் ஷோரூம் தரும் வாக்குறுதியை நம்பலாமா?

கார் புக் செய்தாச்சு. லோன் ஓகே ஆகிவிட்டது. நம்பர் பிளேட் நம்பர்கூட முடிவாகிவிட்டது. டெலிவரிக்கு இரண்டு நாள் முன்பு ஷோரூமிலிருந்து ஒரு போன் வரும். "சார், எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடலாமா? ஏழு வருஷம் டென்ஷனே இல்லை. மாசத்துக்குப் பார்த்தா ஒரு டின்னர் செலவுதான்."

பத்து லட்சம் செலவழித்த கைக்கு இருபதாயிரம் பெரிய தொகையாகத் தெரியாது. பாதிப் பேர் யோசிக்காமல் 'சரி' என்பார்கள். மீதிப் பேர் "அதெல்லாம் ஏமாத்து வேலை" என்று யோசிக்காமலேயே மறுப்பார்கள். இரண்டு பதிலுமே அவசரப் பதில்தான்.

நேரடியாகச் சொன்னால், நீளமான வாரண்டியை நம்பலாம். ஆனால் அதைக் கார் தயாரிக்கும் நிறுவனம் எழுத்தில் தந்திருக்க வேண்டும். டீலர் வாயால் சொன்ன வாரண்டியும், டீலர் தன் லெட்டர்பேடில் அடித்துக் கொடுத்த வாரண்டியும் வேறு கதை. இந்த வித்தியாசம் தெரியாமல் போடும் கையெழுத்தில்தான் பின்னாளில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

எந்த வாரண்டி, யாருடைய வாரண்டி?

'வாரண்டி' என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன.

முதலாவது, காருடன் இலவசமாக வரும் அடிப்படை வாரண்டி. இதைத் தருவது தயாரிப்பாளர். காரின் விலைக்குள்ளேயே இதன் செலவு அடங்கிவிடும்.

இரண்டாவது, தயாரிப்பு நிறுவனமே விற்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி. அடிப்படை வாரண்டி முடியும் நாளில் இது தொடங்கும். விற்பது டீலர்தான் என்றாலும் பொறுப்பு நிறுவனத்துடையது. அந்த பிராண்டின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் சிக்கலானது. டீலரோ, வெளி நிறுவனமோ தாமாகவே விற்கும் 'புரொடெக்‌ஷன் பிளான்', 'கேர் பேக்கேஜ்', 'அஷ்யூரன்ஸ்' வகையறா. பழைய கார் விற்கும் இடங்களில் இது அதிகம். அட்டை பளபளப்பாக இருக்கும். உள்ளே பொறுப்பேற்பவர் பெயரைத் தேடினால் அந்த ஒரு டீலரின் பெயர் மட்டும் இருக்கும். அவர் நாளைக்குக் கடையை மூடினால் அட்டை வெறும் அட்டையாகிவிடும்.

அதனால் ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை வருஷம்' என்பதல்ல. 'இந்தத் தாளில் பொறுப்பேற்பது யார்?' என்பதுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வாரண்டி இன்ஷூரன்ஸ் கிடையாது. விபத்து, திருட்டு, வெள்ளம் எல்லாம் இன்ஷூரன்ஸ் பக்கம். தயாரிப்பிலோ பொருளிலோ இருக்கும் கோளாறு மட்டுமே வாரண்டி பக்கம். இன்ஷூரன்ஸைக் கண்காணிக்க ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. கார் நிறுவனம் விற்கும் வாரண்டிக்கு அப்படித் தனியாக ஒரு ஆணையம் இல்லை. நுகர்வோர் சட்டமும், நீங்கள் கையெழுத்திட்ட தாளும்தான் காவல்.

நிறுவனங்கள் ஏன் இவ்வளவு தாராளமாகத் தருகின்றன?

தர்மத்துக்கு இல்லை. நம்பிக்கையை விலைக்கு வாங்கத்தான்.

இதற்குப் பெரிய உதாரணம் ஹூண்டாய். 1990-களில் அமெரிக்காவில் ஹூண்டாய் என்றால் 'சீப் கார், சீக்கிரம் கெட்டுப்போகும்' என்ற பெயர். 1998-ல் அந்த நிறுவனம் இன்ஜின், கியர்பாக்ஸ் உள்ளிட்ட பாகங்களுக்கு 10 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் வாரண்டி என்று அறிவித்தது. 'கெட்டுப்போனால் செலவு எங்களுடையது' என்று சொன்ன பிறகு தரத்தை உயர்த்துவதைத் தவிர நிறுவனத்துக்கும் வழியில்லை. விற்பனையும் ஏறியது, பெயரும் மாறியது.

இந்தியாவிலும் அந்த ஓட்டம் வந்துவிட்டது. மாருதி சுசுகி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. என்பதிலிருந்து 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. ஆக உயர்த்தியது. கூடுதல் பணம் கட்டினால் 6-வது ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வரை நீட்டிக்கலாம் என்றும் சொன்னது.

இதில் வாங்குபவருக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நிறுவனம் இலவசமாகத் தரும் வாரண்டி நீளமாக இருந்தால், அந்த வண்டி அந்தக் காலத்துக்குள் பெரிதாகத் தொல்லை தராது என்று நிறுவனமே கணக்குப் போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதே செய்திக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வண்டி தொல்லை தராது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தால், கூடுதல் வருடங்களுக்கு நீங்கள் கட்டும் பணத்தில் பெரும்பகுதி திரும்பி வராது. எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்பனையில் டீலருக்கும் லாபம் உண்டு. அதனால்தான் அந்த போன் வருகிறது.

'7 வருஷம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

பெரும்பாலான வாரண்டிகளில் இரண்டு எல்லைகள் இருக்கும். வருடம் ஒன்று, கிலோமீட்டர் இன்னொன்று. நடுவில் 'எது முன்னதோ' என்று எழுதியிருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது வருடம் மட்டும்தான்.

முத்தாண்டிக்குப்பத்தில் வீடு, நெய்வேலியில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை சென்னை என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 10,000 முதல் 15,000 கி.மீ. ஓடும். இவருக்கு 6 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரண்டி முழு ஆறு வருடமும் வரும். ஆறு வருடத்தில் 90,000 கி.மீ.யைக்கூடத் தாண்டமாட்டார்.

அதே ஊரில் முந்திரி வியாபாரமாகப் பண்ருட்டி, விருத்தாசலம், கடலூர் என்று தினமும் சுற்றி, வருடத்துக்கு 40,000 கி.மீ. ஓட்டும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. அடிப்படை வாரண்டி இரண்டரை வருடத்திலேயே முடிந்துவிடும். பணம் கட்டி வாங்கிய '6 வருட' வாரண்டி சரியாக நான்காவது வருடம் காலாவதியாகும். கொடுத்த பணம் ஆறு வருடத்துக்கு, கிடைத்தது நான்கு.

இன்னொரு விஷயம். எக்ஸ்டெண்டட் வாரண்டியை அடிப்படை வாரண்டி உயிரோடு இருக்கும்போதே வாங்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. 'மூணு வருஷம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டவர், கிலோமீட்டர் எல்லையைத் தாண்டிய பிறகு போய் நின்றால் கதவு மூடியிருக்கும். மறுபக்கம் பார்த்தால், டெலிவரி அன்றே வாங்க வேண்டிய அவசரமும் பெரும்பாலும் இல்லை. தள்ளி வாங்கினால் விலை கூடுமா, எந்தத் தேதி வரை வாங்கலாம் என்று மட்டும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொண்டால் போதும். ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு வண்டியின் குணமும் தெரியும், உங்கள் ஓட்டமும் தெரியும்.

எது கவர் ஆகும், எது ஆகாது?

வாரண்டி கையேட்டில் முதலில் படிக்க வேண்டியது 'விலக்குகள்' பக்கம்தான்.

தேய்ந்துபோவதற்காகவே இருக்கும் பாகங்கள் பொதுவாக வராது. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் பிளேடு, ஃபில்டர்கள், ஆயில், பல்புகள் இதில் அடங்கும். டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் தனி வாரண்டி இருக்கும். எக்ஸ்டெண்டட் காலத்தில் இந்தப் பட்டியல் இன்னும் நீளும். முதல் மூன்று வருடம் கவரான சில ரப்பர் பாகங்களும் உள் அலங்காரப் பொருட்களும் நான்காவது வருடம் காணாமல் போகலாம்.

எக்ஸ்டெண்டட் வாரண்டியின் உண்மையான மதிப்பு பெரிய பாகங்களில்தான். கியர்பாக்ஸ், டர்போ, ஏசி கம்ப்ரசர், பவர் ஸ்டீயரிங், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் யூனிட், தொடுதிரை ஆகியவை அப்படிப்பட்டவை. இவை அடிக்கடி கெடாது. கெட்டால் பில் ஐந்து, ஆறு இலக்கத்துக்குப் போகும்.

இனி ஊர்ப் பக்கம் அதிகம் மாட்டிக்கொள்ளும் நான்கு விஷயங்கள்.

எலி. முந்திரித் தோப்பு ஓரத்திலோ வைக்கோல் போர் பக்கத்திலோ நிற்கும் காரின் வயரிங்கை எலி கடித்தால் அதைத் தயாரிப்புக் கோளாறு என்று யாரும் ஏற்கமாட்டார்கள். வாரண்டியில் கிடைக்காது. இன்ஷூரன்ஸில் கிடைக்குமா என்பதைப் பாலிசியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்த தென்பெண்ணை வெள்ளமும் கடலூர் மாவட்டத்துக்கு மறக்காது. தேங்கிய தண்ணீரில் ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் எந்த வாரண்டியும் உதவாது. சாதாரண இன்ஷூரன்ஸிலும் சண்டை வரும். அதற்குத் தனியாக 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆன் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் பகுதியில் இருப்பவர், கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் காணும் என்றால், இந்த ஆட்-ஆனுக்கே முதலிடம் தரலாம்.

தூசி. செம்மண் சாலையிலும் சுரங்கப் பகுதிச் சாலையிலும் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைச் சீக்கிரமே பார்க்க வேண்டும் என்று கையேடுகள் தனியாகச் சொல்கின்றன. 'கடுமையான பயன்பாடு' என்ற தலைப்பில் அது இருக்கும். அதைப் பின்பற்றாமல் இன்ஜினில் பிரச்சினை வந்தால் 'பராமரிப்புக் குறைவு' என்று கிளெய்மைத் தள்ளிவிட வாய்ப்பிருக்கிறது.

வெளி ஃபிட்டிங். கடையில் போட்ட எல்.இ.டி. லைட், மியூசிக் சிஸ்டம், ரிமோட் லாக் ஆகியவற்றுக்காக ஒரு வயரை வெட்டி ஒட்டியிருந்தாலும் மின் கோளாறு கிளெய்மில் அதுதான் முதல் கேள்வியாக வரும்.

எரிபொருளையும் சேர்த்துக்கொள்ளலாம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இப்போது நாடு முழுக்க பங்குகளில் வருகிறது. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பல கார்களின் கையேட்டில் இ10 வரை என்றுதான் இருக்கும். அப்படிப்பட்ட பழைய காருக்கு வாரண்டி நீட்டிப்பு வாங்குகிறவர், இ20 போட்டதைக் காரணம் காட்டி மறுக்கமாட்டார்கள் என்பதை ஒரு வரி மின்னஞ்சலாக வாங்கி வைப்பது நல்லது.

காசுக் கணக்கு

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. எக்ஸ்டெண்டட் வாரண்டி விலை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 23,600 ரூபாய். இதைக் கையில் கட்டாமல் கார் லோனில் சேர்த்தால், 9 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு மாதம் சுமார் 490 ரூபாய். மொத்தம் சுமார் 29,400 ரூபாய். 'ஒரு டின்னர் செலவு' என்று சொன்னவர் இந்த வட்டியைச் சொல்லமாட்டார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பணம் இன்று போகிறது, வாரண்டி வேலை செய்யத் தொடங்குவது மூன்று வருடம் கழித்து. அந்த மூன்று வருட வட்டி, பாதுகாப்பே கிடைக்காத காலத்துக்கான வட்டி.

சரி, லாபமா நஷ்டமா? நீட்டித்த காலத்தில் வரக்கூடிய பெரிய ரிப்பேர் 80,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், 23,600 ரூபாய் நியாயமாக இருக்க அந்த ரிப்பேர் வர சுமார் 30 சதவீத வாய்ப்பு இருக்க வேண்டும். அதாவது அதே மாடல் கார்கள் பத்தில் மூன்றுக்கு அந்தச் செலவு வர வேண்டும். லோனில் சேர்த்து வாங்கினால் அது 37 சதவீதமாகிறது.

சாதாரண மேனுவல் கியர், டர்போ இல்லாத பெட்ரோல் கார் என்றால் இந்த வாய்ப்பு அவ்வளவு இருக்காது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ, சன்ரூஃப், பெரிய திரை, நிறைய சென்சார் என்று இருக்கும் கார் என்றால் தட்டு மறுபக்கம் சாயும். அறிமுகமாகி ஒரு வருடம்கூட ஆகாத புது மாடலுக்கும் அப்படியே.

ஆனால் சராசரி மட்டுமே எல்லாவற்றையும் சொல்லாது. 80,000 ரூபாய் பில் வந்தால் கிரெடிட் கார்டில் போட்டுச் சமாளிக்கக்கூடியவருக்கு வாரண்டி ஒரு வசதி. காண்ட்ராக்ட் சம்பளத்தில் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டு, அப்பாவை மாதம் ஒருமுறை ஜிப்மருக்கு அழைத்துப் போக அந்த ஒரு காரை மட்டும் நம்பியிருப்பவருக்கு அதே பில் குடும்பத்தையே ஆட்டிவிடும். இரண்டாமவருக்கு, சராசரிக் கணக்கில் கொஞ்சம் நஷ்டம் என்றாலும், வாரண்டி வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அவர் வாங்குவது லாபத்தை இல்லை, தூக்கத்தை.

வெளியே சர்வீஸ் விட்டால் வாரண்டி போய்விடுமா?

"அண்ணே, கம்பெனியில ஆறாயிரம் கேக்குறாங்க, நீங்க மூணாயிரத்துல முடிச்சுடுவீங்கல்ல?" என்று தெரிந்த மெக்கானிக்கிடம் போவது நம் ஊர் வழக்கம். அந்த நாளிலிருந்து மொத்த வாரண்டியும் ரத்து என்பதுதான் பல ஷோரூம்கள் சொல்லும் மிரட்டல்.

இது குறித்து இந்தியாவில் ஒரு பெரிய உத்தரவு இருக்கிறது. ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கில், இந்திய போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒரிஜினல் உதிரி பாகங்களை வெளிச் சந்தைக்கு விடாமல் தடுத்தது முக்கியக் குற்றச்சாட்டு. அதே உத்தரவில் வாரண்டி பற்றியும் தெளிவாகச் சொன்னது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டும் ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது. வெளியே நடந்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதம் எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம்.

அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டமும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் போகிறது. குறிப்பிட்ட கம்பெனியின் பாகத்தையோ சர்வீஸையோ காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் பொது விதி.

ஆனால் இதை வைத்து ஷோரூமில் போய்ச் சண்டை போடும் முன் ஒரு நிமிடம். அந்த உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் வழக்கில் 2016-ல் அப்போதைய போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் முடிவை ஏற்று, அபராதத்தை மட்டும் குறைத்தது. நிறுவனங்கள் அதற்கு மேலும் படியேறின. இதற்கிடையில் எக்ஸ்டெண்டட் வாரண்டித் தாள்களில் 'அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் குறித்த காலத்தில் சர்வீஸ்' என்ற நிபந்தனை இன்றும் வருகிறது.

கொள்கை நுகர்வோர் பக்கம் இருக்கிறது, நடைமுறை இன்னும் ஷோரூம் பக்கம் இருக்கிறது. எனவே எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் கட்டியவர் அந்தக் காலம் முழுவதும் அங்கீகரிக்கப்பட்ட இடத்திலேயே சர்வீஸ் செய்வதுதான் புத்திசாலித்தனம். அது முடியாது, ஊர் மெக்கானிக்தான் வசதி என்பவர் எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் கட்டுவதில் அர்த்தமே இல்லை. அந்தப் பணத்தைத் தனி ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டு வைக்கலாம்.

டீலர் சொன்னதற்குக் கம்பெனி பொறுப்பா?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். மக்கள் பார்வையில் ஷோரூமும் கம்பெனியும் ஒன்று. வாசலில் தொங்குவது கம்பெனி போர்டுதானே?

சட்டப் பார்வை வேறு. 2011 மாடலுக்குப் பணம் கட்டிய கோவாவைச் சேர்ந்த ஒருவருக்கு டீலர் 2009-ல் தயாரான, ஏற்கெனவே ஓடிய காரைக் கொடுத்தார். நுகர்வோர் மன்றங்கள் டீலரோடு தயாரிப்பாளரையும் பொறுப்பாக்கின. டாடா மோட்டார்ஸ் மேல்முறையீடு செய்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தை விடுவித்தது. இருவரும் தனித்தனி வியாபாரிகள் என்ற ஒப்பந்த உறவில் இருக்கும்போது, டீலர் செய்த தவறு நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

'பம்பர் டு பம்பர் எல்லாமே கவர் சார்' என்று சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் சொன்னது இந்த வெளிச்சத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஆறு மாதத்தில் வேறு ஷோரூமுக்குப் போயிருப்பார். கம்பெனி தன் கையேட்டைக் காட்டும்.

இன்னொரு தீர்ப்பும் தெரிந்திருக்க வேண்டும். 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி சொல்வது பழுதான பாகத்தைச் சரிசெய்வதையோ மாற்றுவதையோதான், அதை வைத்து முழுக் காரையே மாற்றிக் கேட்க முடியாது என்றது. 'தொந்தரவு கொடுத்தா புது கார் கேப்போம்' என்ற எதிர்பார்ப்போடு வாரண்டி வாங்குகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

கம்பெனியே கிளம்பிவிட்டால்?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது கற்பனை இல்லை. 2021 செப்டம்பர் 9-ல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியோடு செவர்லே விற்பனையை நிறுத்தியிருந்தது.

ஃபோர்டு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு சர்வீஸ், உதிரி பாகம், வாரண்டி எல்லாம் தொடரும் என்று சொன்னது. தயாரிப்பாளரின் எழுத்து வாக்குறுதிக்கு அந்த மதிப்பு உண்டு. ஆனால் புது கார் விற்பனை இல்லாத ஷோரூம் எவ்வளவு காலம் திறந்திருக்கும்? வாரண்டி காகிதத்தில் இருந்தாலும், அதைப் பயன்படுத்த நூறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தால் பாதி மதிப்பு குறைந்துவிடும். எனவே வாரண்டியின் நீளத்தைப் பார்க்கும்போது, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அந்த பிராண்டுக்கு எத்தனை சர்வீஸ் சென்டர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நெய்வேலி, பண்ருட்டி, கடலூர் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுகூட இல்லாத பிராண்டின் பத்து வருட வாரண்டியைவிட, பக்கத்தில் இரண்டு இடம் இருக்கும் பிராண்டின் ஐந்து வருடம் மேல்.

டீலரோ வெளி நிறுவனமோ விற்கும் வாரண்டியில் ஆபத்து இன்னும் அதிகம். அமெரிக்காவில் டிவி விளம்பரங்களால் பிரபலமான 'யூ.எஸ். ஃபிடெலிஸ்' என்ற கார் சர்வீஸ் கான்ட்ராக்ட் விற்பனை நிறுவனம் 2010-ல் திவாலானது. அதை நடத்திய சகோதரர்கள் பிறகு சிறைக்குப் போனார்கள்.

'லைஃப்டைம்' யாருடைய லைஃப்?

மின்சார கார்களில் இப்போது புதுச் சொல் 'லைஃப்டைம் பேட்டரி வாரண்டி'. கேட்க நன்றாக இருக்கிறது. டாடா தன் சில மின்சார கார்களுக்குத் தரும் லைஃப்டைமின் பொருள், முதல் பதிவு நாளிலிருந்து 15 ஆண்டு, அதுவும் முதல் உரிமையாளருக்கு. மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களிலும் அது முதல் சொந்தக்காரருக்குத்தான். வண்டி கைமாறினால் 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கி.மீ. என்று சுருங்கும்.

இது ஏமாற்று இல்லை, நிபந்தனைகள் வெளிப்படையாகவே இருக்கின்றன. மின்சார காரில் பேட்டரிதான் மிக விலை உயர்ந்த பாகம் என்பதால், நீளமான வாரண்டி உண்மையிலேயே பெறுமானம் உள்ள இடமும் இதுதான். கேட்க வேண்டிய கூடுதல் கேள்வி ஒன்றே: பேட்டரியின் திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவீர்கள்?

யார் வாங்கலாம், யார் விடலாம்?

வாங்கலாம் என்று சொல்லத்தக்கவர்கள்: காரை ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருக்கப் போகிறவர்கள், ஆட்டோமேட்டிக் அல்லது டர்போ கார் எடுத்தவர்கள், புதிதாக வந்த மாடல் எடுத்தவர்கள், திடீர்ச் செலவைத் தாங்க முடியாதவர்கள். இவர்களும் தயாரிப்பாளரின் வாரண்டியை மட்டும், லோனில் சேர்க்காமல் வாங்குவது நல்லது.

விடலாம் என்று சொல்லத்தக்கவர்கள்: மூன்று வருடத்தில் காரை மாற்றுகிறவர்கள், கிலோமீட்டர் எல்லையைச் சீக்கிரமே தாண்டிவிடும் அளவுக்கு ஓட்டுகிறவர்கள், வெளி மெக்கானிக்கை நம்புகிறவர்கள், எளிமையான பெட்ரோல் கார் எடுத்தவர்கள். இரண்டு மூன்று வருடத்தில் விற்கிறவர் ஏற்கெனவே வாங்கியிருந்தால், வாரண்டியைப் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கட்டும். முடியுமென்றால் விலை பேச உதவும்.

வாங்கியவர்கள் செய்ய வேண்டிய சில வேலைகள் உண்டு. வாரண்டி சான்றிதழில் சேசிஸ் நம்பர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, கிலோமீட்டர் எல்லை சரியா என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் ஆப்பிலோ, கஸ்டமர் கேரிலோ அந்த வாரண்டி பதிவாகியிருக்கிறதா என்று அன்றே சரிபார்க்க வேண்டும். டீலர் பணத்தை வாங்கிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டால் அது தெரியவரும் நாள் பெரும்பாலும் வண்டி நின்ற நாளாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஜாப் கார்டையும் பில்லையும் போனில் போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் வைக்க வேண்டும். கோளாறு தெரிந்ததும் வாரண்டி முடியும் முன்பே ஜாப் கார்டில் எழுத வைக்க வேண்டும். 'அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம் சார்' என்ற வாய்ப்பேச்சு கணக்கில் வராது.

மறுத்துவிட்டால்?

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று மின்னஞ்சல் வரட்டும். அடுத்து தயாரிப்பாளரின் கஸ்டமர் கேருக்குப் புகார். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 ஒரு முக்கியமான வசதியைத் தந்திருக்கிறது. காரைச் சென்னையிலோ புதுச்சேரியிலோ வாங்கியிருந்தாலும், வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். முத்தாண்டிக்குப்பத்துக்காரர் கடலூர் மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணமும் பெரிதில்லை. 5 லட்சம் வரை இலவசம், 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். கோளாறு தயாரிப்பினுடையதா, பராமரிப்பினுடையதா என்ற சண்டை வந்தால், நிபுணர் பரிசோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஒப்பந்தமே அநியாயமாக இருக்கிறது என்று வாதிட வேண்டுமானால் அந்தப் புகாரை மாவட்ட ஆணையம் எடுக்காது. மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது

வாங்குபவரை மட்டும் 'கவனமாக இரு' என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. காரின் விலையை விளம்பரத்தில் தமிழில் போடும் நிறுவனங்கள், வாரண்டி நிபந்தனைகளை மட்டும் பொடி எழுத்து ஆங்கிலத்தில் தருகின்றன. சட்டம் பொருளற்ற வாரண்டி வாக்குறுதியை நியாயமற்ற வணிக முறை என்கிறது. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை, ஒரு நாள் லீவு போட்டுக் கடலூருக்கு பஸ் ஏற வேண்டியவர் தலையில்தான் விழுகிறது.

மூன்று விஷயங்கள் போதும். ஒன்று, ஒவ்வொரு எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கும் பொறுப்பாளர் பெயர், தொடக்கம், முடிவு, கிலோமீட்டர், முக்கிய விலக்குகள் ஆகியவை அடங்கிய ஒரு பக்கச் சுருக்கம், தமிழில். இரண்டு, டெலிவரிக்குப் பிறகு பதினைந்து நாள் யோசிக்கும் அவகாசம். வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்ப. மூன்று, வெளியே சர்வீஸ் விட்டதற்காக ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்ற 2014 உத்தரவின் கொள்கையை, வழக்குகளில் தொங்கவிடாமல் விதியாகவே எழுதிவிடுவது.

இவை வரும் வரை வழி ஒன்றுதான். ஷோரூமில் காபி கொடுத்து 'இங்கே ஒரு சைன் சார்' என்று நீட்டும் தாளை உடனே போனில் படம் எடுங்கள். 'நாளைக்குச் சொல்றேன்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். நல்ல வாரண்டி என்றால் அது நாளைக்கும் அங்கேயே இருக்கும்.